இறங்காத கொலுசு: எடை ஏறிய ஒரு சவலைப் பிள்ளை

ஒன்றரை வயது ஊசிக்கு வந்த 16 மாதக் குழந்தை. எடை 6.3 கிலோ. பத்து நாளுக்கு முன்னால் அங்கன்வாடியில் பார்த்தபோது 5.9. நானூறு கிராம் ஏறியிருக்கிறதே என்று அட்டையில் எழுதி, பக்கத்தில் ஒரு டிக்கும் போட்டு, "அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தது நான்தான். அந்த டிக் எப்படித் தப்பானது என்பதுதான் இந்த ஆய்வு.

நான் வட சென்னையில் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். எந்த நிலையம், எந்த மருத்துவமனை என்பதெல்லாம் வேண்டாம். குழந்தையைப் பாப்பா என்றே சொல்கிறேன்.

அந்தப் புதன்கிழமை

ஜூலை இரண்டாவது வாரம். புதன் என்றால் தடுப்பூசி நாள், வாசல் வரை கூட்டம், ஒரு பக்கம் ஊசி போட்ட பிள்ளைகளின் அழுகை, இன்னொரு பக்கம் டோக்கன் சண்டை, நடுவில் எடை மெஷின். பாப்பாவை ஆயாதான் தூக்கிக்கொண்டு வந்தார், அம்மாவின் அம்மா, வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமம். பின்னால் அம்மா, ஐந்து மாதம் முடிந்த வயிற்றோடு. வயது 25, இது மூன்றாவது. காசிமேட்டில் இறால் உரிக்கிற வேலை. அப்பா கூட்ஸ் யார்டில் மூட்டை இறக்குகிறவர். மூத்தவள் ஒன்றாம் வகுப்பு.

அங்கன்வாடி டீச்சர் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தார். ஊரிலிருந்து வந்த பாப்பாவை எடை போட்டு, வளர்ச்சி அட்டையில் மிகக் குறைந்த எடைப் பகுதியில் இருக்கிறாள், போய்க் காட்டுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். நான்தான் 6.3 என்று பார்த்ததும், சரி, வீட்டுக்கு வந்ததும் பிள்ளை தேற ஆரம்பித்துவிட்டது என்று முடிவு கட்டினேன். ஆயாவும் அதையேதான் சொன்னார்: "நல்லா தேறிட்டா நர்சம்மா. ஊர்ல லொடலொடன்னு கெடந்த கொலுசு, இப்ப கழட்டப் போனா எறங்கவே மாட்டேங்குது பாருங்க." நான் சிரித்தேன். கொலுசைப் பார்த்தேன், காலைப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. ஊசி போட்டபோது பாப்பா பெரிதாக அழவில்லை. லேசாக முனகினாள், அவ்வளவுதான். "அட, சமத்துப் பொண்ணு" என்றேன். 16 மாதக் குழந்தை ஊசிக்கு அழாமல் இருந்தால் அது சமத்து இல்லை, சக்தி இல்லை. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் அன்றைக்குத் தோன்றவில்லை. மேற்கைச் சுற்றளவு பார்க்கிற நாடா டிராயரில் இருந்தது. எடுக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை திரும்ப வந்தார்கள். மூன்று நாளாகப் பேதி, எதுவும் வாங்கிச் சாப்பிடவில்லை, கண்ணைத் திறந்தாலும் யாரையும் பார்க்கவில்லை. நடுவில் தெருமுனையில் ஒரு கிளினிக்கில் காட்டி, ட்ரிப்ஸ் போட்டுக்கொள்ளச் சொன்னதற்குக் காசு இல்லாமல் திரும்பியிருக்கிறார்கள். அந்தக் காசில்லாமை அன்றைக்கு நல்லதாகப் போனது, ஏன் என்று கீழே சொல்கிறேன். இந்த முறை கொலுசைக் கழற்றச் சொன்னேன், சோப்பு போட்டுத்தான் கழற்ற முடிந்தது, கழற்றிய இடத்தில் கொலுசின் முத்து முத்தான அச்சு அப்படியே பதிந்திருந்தது. இரண்டு பாதத்தின் மேலும் கட்டைவிரலை வைத்து மூன்று நொடி அழுத்தி எடுத்தேன். இரண்டிலும் குழி விழுந்தது, மேலே வரவில்லை. முழங்கால் வரைக்கும் அப்படித்தான்.

அப்புறம் மற்றதெல்லாம் வரிசையாகக் கண்ணில் பட்டது. தலைமுடி செம்பட்டையாகி, பிடித்தால் கையோடு வந்தது. தொடை இடுக்கில் தோல் உரிந்திருந்தது. கடைவாய் வெடிப்பு. காலும் முகமும் உப்பலாக இருக்க, தோளும் விலாவும் எலும்பாகக் கிடந்தன. சட்டையைக் கழற்றாமல் பார்த்தால் கொழுகொழு பிள்ளை. கைச்சுற்றளவு 10.9 செ.மீ. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை 11.5-க்குக் கீழே போனாலே தீவிர ஊட்டக்குறைவு, கால் இரண்டும் வீங்கியிருந்தால் அளவே வேண்டாம், எடை எவ்வளவு காட்டினாலும் தீவிரம்தான். நீளம் 71.5, வயதுக்கு அதுவும் குறைவு. அன்றைய எடை 6.4. மெஷின் கணக்கில் பாப்பா இன்னும் "ஏறிக்கொண்டுதான்" இருந்தாள்.

வார்டில்

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடவே போனேன். குற்ற உணர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கும்போது உடம்புச் சூடு அக்குளில் 34.8 டிகிரி செல்சியஸ். இரத்தச் சர்க்கரை 48. இப்படிப்பட்ட குழந்தைகள் முதல் இரண்டு நாளில் இறந்துபோவது பெரும்பாலும் பசியால் இல்லை, சர்க்கரை இறங்கி, உடம்பு குளிர்ந்து, காய்ச்சல்கூடக் காட்ட முடியாத அளவுக்கு ஓய்ந்துபோன உடம்பில் கிருமி பரவி. அதனால் முதல் வேலை சர்க்கரைத் தண்ணீர், ஆயாவின் நெஞ்சோடு சேர்த்து அணைத்துப் போர்வை, ஆன்டிபயாடிக். சிறுநீரில் தொற்று இருந்தது. மார்பு எக்ஸ்ரே சுத்தம், காசநோய்க்கான மற்றப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. ஹீமோகுளோபின் 7.4.

ட்ரிப்ஸ் ஏன் கூடாது? தசையெல்லாம் கரைந்த குழந்தையின் இதயமும் தசைதான், அதுவும் மெலிந்திருக்கும்; சாதாரணப் பேதிக்குப் போடுகிற மாதிரி நரம்பில் தண்ணீரை ஏற்றினால் இதயம் திணறிவிடும். அதிர்ச்சி நிலைக்குப் போனால் ஒழிய வாய் வழியாகத்தான், அதுவும் மெதுவாக.

சாப்பாட்டு விஷயத்தில்தான் பெரிய சண்டை வந்தது. மருத்துவர் எழுதியது எஃப்-75 என்கிற ஆரம்பப் பால்: 100 மில்லியில் 75 கலோரி, புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. எடைக்குக் கணக்குப் போட்டு இரண்டு மணிக்கு ஒரு தரம் 70 மில்லி, இரவும் பகலும். டப்பா மாவு இல்லாத இடத்தில் பால், சர்க்கரை, எண்ணெய், பொரிமாவு வைத்துச் சமையலறையிலேயே கலக்குவார்கள். அப்பா வேலை முடிந்து நேராக, அவித்த முட்டை நான்கும் ஒரு தூக்கில் கோழி சூப்பும் கொண்டுவந்திருந்தார். வார்டு சிஸ்டர் வேண்டாம் என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது: "சாப்பாடு இல்லாமதான் இப்படி ஆச்சுன்றீங்க, கொண்டாந்தா குடுக்கக் கூடாதுன்றீங்க. இன்னா சிஸ்டர், நீங்களே பட்டினி போடுறீங்களா?" நியாயமான கேள்விதான். பட்டினியில் கிடந்த உடம்பு ஈரலையும் குடலையும் சிறுநீரகத்தையும் பாதி அணைத்து வைத்திருக்கிறது. திடீரென்று நிறையப் புரதமும் சர்க்கரையும் போனால் இரத்தத்தில் உப்புச்சத்துகள் தடுமாறி உயிருக்கே ஆபத்தாகும் என்பதை, அடைத்து வைத்த வீட்டில் எல்லா சுவிட்சையும் ஒரே நேரத்தில் போட்டால் ஃபியூஸ் போகும் இல்லையா என்று சொல்லித்தான் புரியவைத்தேன். சூப்பை அம்மா குடித்தார். அவருடைய ஹீமோகுளோபினும் 8.2தான்.

இரும்புச்சத்து மருந்தும் முதல் வாரம் தரவில்லை. 7.4 இருக்கும்போது ஏன் தரவில்லை என்று அம்மா கேட்டார். தொற்று அடங்காத உடம்பில் அந்த இரும்பு கிருமிக்குத்தான் முதலில் போகும்.

ஆறாம் நாள் எடை 5.6.

அம்மா அழுதுவிட்டார். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து எண்ணூறு கிராம் குறைந்தால் யார்தான் அழமாட்டார்கள். ஆனால் கால் வற்றியிருந்தது, கொலுசு அச்சு மறைந்திருந்தது, பாப்பா முதல் தடவையாகக் கையை நீட்டி டம்ளரை இழுத்தாள். குறைந்த எண்ணூறு கிராமும் தண்ணீர். 5.6தான் பாப்பாவின் நிஜ எடை. அப்படியென்றால் நான் டிக் போட்ட அன்றைக்கும் அவள் எடை ஏறியிருக்கவே இல்லை, இறங்கிக்கொண்டிருந்தாள், இறங்கியதை நீர் நிரப்பிக் காட்டியது.

அதற்குப் பிறகு அதைவிடச் சத்து கூடிய எஃப்-100 பால், கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுச் சாப்பாடு. ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10 கிராம் வீதம் ஏறினாள். அது நல்ல வேகம். இருபதாம் நாள் 6.5 கிலோவோடு வீடு.

ஊரில் அந்த மூன்று மாதம்

இதையெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பல நாள், ஆயாவிடமும் அம்மாவிடமும் தனித்தனியாகக் கேட்டது. ஒரே நாளில் கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள், குற்றவாளி மாதிரி உட்காரவைத்தால் சுத்தமாகச் சொல்லமாட்டார்கள்.

பாப்பா பிறந்தபோது 2.4 கிலோ. ஆறு மாதத்தில் 6.0, ஒன்பதாம் மாதம் 6.6, ஒரு வயதில் 6.7. ஆறு மாதம் வரை ஏறி ஓடிய எடைக் கோடு, சோறு ஊட்ட ஆரம்பித்ததும் படுத்துவிட்டது. இதுதான் நம் ஊர்க் குழந்தைகள் பலரின் கோடு, பால் மட்டும் இருக்கும்வரை பிரச்சினை இருக்காது. பதின்மூன்றாம் மாதம் அம்மாவுக்குத் திரும்ப நாள் தள்ளிப்போனது தெரிந்தது. கர்ப்பத்தோடு பால் கொடுத்தால் குடிக்கிற பிள்ளைக்கு ஆகாது என்று அக்கம்பக்கம் சொல்ல, மார்பில் வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் நிறுத்திவிட்டார். அதே ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. படகு போகாவிட்டால் இறால் வராது, இறால் வராவிட்டால் உரிக்கிறவருக்கு ஏது கூலி. மசக்கை வேறு. இரண்டு பிள்ளைகளையும் ஊரில் ஆயாவிடம் விட்டார்.

ஆயாவுக்குப் பாசத்தில் குறை இல்லை. காலையில் நூறு நாள் வேலைக்குப் போகும்போது கஞ்சி வைத்துவிட்டுப் போவார். ஊட்டுவது மூத்தவள், ஆறு வயது. கெட்டியாக இருந்தால் பாப்பா துப்புகிறாள் என்று அவளாகவே தண்ணீர் ஊற்றிக் கரைத்து டம்ளரில் கொடுத்துவிடுவாள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு கிலோக் குழந்தையின் வயிறு ஒரு தடவைக்கு 200 மில்லிக்கு மேல் கொள்ளாது. நீர்த்த கஞ்சி 100 மில்லியில் 30 கலோரி தேறினால் அதிகம். மூன்று வேளை வயிறு முட்டக் குடித்தாலும் 180. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 900 கலோரி வேண்டும். தாய்ப்பால் இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதுவே பார்த்துக்கொள்ளும், சாப்பாட்டிலிருந்து 550 வந்தால் போதும். பாலை நிறுத்திய அன்றைக்கு அந்தப் பங்கு அப்படியே போனது, அந்த இடத்தில் டீயில் நனைத்த பிஸ்கட் வந்தது. பாப்பா பட்டினி கிடக்கவில்லை. வயிறு நிறைந்துதான் தூங்கினாள்.

மே மாதம் இரண்டு தடவை பேதி. பேதி நிற்க வேண்டும் என்று சோற்றையும் நிறுத்தி, வடித்த தண்ணீர் மட்டும். தேரை விழுந்திருக்கிறது என்று மந்திரித்துத் தாயத்து கட்டினார்கள். இதைச் சொல்லும்போது ஆயா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், திட்டுவேனோ என்று. திட்டவில்லை. குழந்தை வற்றுகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது ஆயாதான், நாங்கள் இல்லை. அதற்கு அவருக்குத் தெரிந்த பெயர் தேரை.

ஊர் அங்கன்வாடியில் சத்துமாவு கேட்டிருக்கிறார். பதிவு சென்னையில் இருக்கிறது என்றார்களாம். சென்னைப் பதிவேட்டில் "ஊருக்குப் போயுள்ளது" என்று இருந்தது. பதிவை இடம் மாற்றிக்கொள்ள அங்கன்வாடி ஆப்பிலேயே வழி உண்டு, ஆனால் அதை யார் யாரிடம் சொல்வது என்பதில் மூன்று மாதம் போயிருந்தது. கிராமத்துக் குழந்தையா நகரத்துக் குழந்தையா என்று கேட்டால் பாப்பா இரண்டு கணக்கிலும் இருந்தாள், இரண்டிலும் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் ஒரு விஷயம் எனக்கு உறுத்தும்: உயரம் குன்றிய குழந்தைகள் இந்தியக் கிராமங்களில் 37.3 சதவீதம், நகரங்களில் 30.1, நல்ல வித்தியாசம். ஆனால் உயரத்துக்கேற்ற எடை இல்லாமல் மெலிந்தவர்கள் கிராமத்தில் 19.5, நகரத்தில் 18.5. ஒரு சதவீதம்தான் இடைவெளி. தமிழ்நாட்டில் மெலிந்தவர்கள் 14.6, மிகத் தீவிரமாக மெலிந்தவர்கள் 5.5. கிராமத்துப் பிரச்சினை என்று நாம் சொல்லிக்கொள்வது சென்னை பஸ்ஸிலும் ஏறி வந்துவிடுகிறது.

சவலை

பிரசவ வார்டில் ஒரு பாட்டி பாப்பாவைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் சொன்னார்: "சவலையா போச்சு." அம்மா அடுத்ததைச் சுமந்துகொண்டு மூத்ததற்குப் பாலை நிறுத்தினால் வாடிப்போகிற பிள்ளைக்கு நம் மொழியில் தனியாகவே ஒரு பெயர் இருக்கிறது. வீக்கத்தோடு வரும் இந்த நோயை மருத்துவத்தில் குவாஷியார்கர் என்கிறோம். 1930-களில் இன்றைய கானாவில் வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், அந்த ஊர் கா மொழியில் தாய்மார்கள் சொன்ன வார்த்தையையே 1935-ல் நோய்க்குப் பெயராக வைத்தார்; அடுத்த குழந்தை வந்ததும் முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். அதாவது சவலை. கடல் தாண்டியும் அம்மாக்கள் ஒரே காரணத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

புரதம் இல்லாததால்தான் வீக்கம் என்று படித்துத்தான் நாங்கள் பரீட்சை எழுதினோம். சேலத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை நடத்திய சி. கோபாலன் 1960-களிலேயே அதைக் கேள்வி கேட்டார்: வீங்கிய குழந்தைகளும் வற்றிய குழந்தைகளும் சாப்பிட்டதில் பெரிய வித்தியாசம் இல்லை, ஒரே சாப்பாட்டில் ஒரு பிள்ளை வற்றுகிறது, இன்னொன்று வீங்குகிறது என்று காட்டினார். ஏன் என்பதற்கு இன்றைக்கும் முழு விடை இல்லை. வேலைக்கு ஆகிற பாடம் வேறு: அதே குடும்பம், அதே கஞ்சி, இந்தப் பிள்ளைக்கு வீங்காது என்று யாரையும் விடக்கூடாது.

எங்கே தவறினேன்

400 கிராமைப் பத்து நாளால் வகுத்து, 5.9-ஆல் வகுத்தால் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 6.8 கிராம். வார்டில் கணக்குப் போட்டு எஃப்-100 ஊட்டினாலும் 5 முதல் 10 வரை ஏறினால் நடுத்தரம் என்கிறார்கள். கஞ்சித் தண்ணீர் குடிக்கிற பிள்ளை வீட்டில் உட்கார்ந்தபடி 6.8 ஏற முடியாது. அந்த எண் நல்ல செய்தி இல்லை, நடக்கவே முடியாத செய்தி. எடை குறைந்தால் பதறுகிற மாதிரி எனக்குப் பழக்கம் ஆகியிருந்தது, ஏறினால் யோசிக்கப் பழகவில்லை. கூட்டம், ஒற்றை மெஷின், மதியச் சாப்பாடு தாண்டிய நேரம் எல்லாம் உண்மைதான். ஆனால் கட்டைவிரலை வைத்து அழுத்த மூன்று நொடிதான் வேண்டும்.

திரும்பி வந்த பிறகு

2022-ல் நீலகிரியில் தொடங்கிய "ஊட்டச்சத்தை உறுதி செய்" திட்டத்தில் பாப்பாவுக்குச் சிறப்பு உணவுப் பசை கிடைத்தது. 92 கிராம் பாக்கெட் ஒன்றில் 500 கலோரி. வேர்க்கடலை, பால் பொடி, சர்க்கரை, எண்ணெய், கூட வைட்டமின்கள். முதல் பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்த ஆயா, "இது எங்க கொல்லையில வெளையிற மல்லாட்டை வாசனையா இருக்கே" என்றார். வந்தவாசியே வேர்க்கடலைச் சீமைதான். மூட்டை மூட்டையாக விற்றார்களே ஒழிய, பல் முளைத்த பிள்ளைக்கு அதை அரைத்துக் கொடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அல்லது யாரும் சொல்லவில்லை. மீன் கதையும் அதேதான். இறால் உரிக்கிற வீடு, நெத்திலி மலிவாகக் கிடைக்கிற தெரு, முள் குத்தும், மாந்தம் வரும் என்று பாப்பாவுக்கு மட்டும் மீன் கிடையாது. முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து, மேலே ஒரு ஸ்பூன் எண்ணெய் விடச் சொன்னேன். அந்த ஒரு ஸ்பூனில் மட்டும் 45 கலோரி.

கஞ்சிக்கு ஒரு வழி சொன்னேன், இதுதான் மூத்தவளுக்கு ரொம்பப் பிடித்தது. கெட்டியாகக் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், முளைகட்டி வறுத்த கேழ்வரகு மாவு ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினால், முளைத்த தானியத்தின் நொதி மாவை உடைத்துக் கஞ்சியைத் தானே இளக்கிவிடும், தண்ணீர் ஊற்ற வேண்டாம், கலோரியும் குறையாது. அதிகம் வறுத்தால் நொதி போய்விடும், லேசாகத்தான். கண்ணெதிரே கஞ்சி இளகுவதைப் பார்த்துவிட்டு அவள், "மேஜிக் மாவு" என்று பெயர் வைத்துவிட்டாள்.

எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. மூன்றாவது வாரம் 200 கிராம் இறங்கியது. லேசான பேதி ஒரு காரணம், இன்னொன்று பசையை மூத்தவளும் சேர்ந்து நக்கியிருக்கிறாள். ஆறு வயதுப் பிள்ளை முன்னால் இனிப்பை வைத்துக்கொண்டு தங்கைக்கு மட்டும் என்றால் எப்படி. அவளை எடை போட்டோம், அவளும் மெலிவுதான், ஒருவரும் அதுவரை பார்த்திருக்கவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து முட்டைக்கு வழி செய்தோம். அம்மாவுக்கு அங்கன்வாடி சத்துமாவு கிடைத்தது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான், மூன்றாவது என்பதால் அது கிடையாது. பசித்த வயிற்றுக்கு இது எத்தனையாவது பிரசவம் என்று தெரியுமா என்று யாரிடம் கேட்பது.

அக்டோபர் நடுவில் பாப்பா 7.8 கிலோ, நீளம் 74, கைச்சுற்றளவு 12.6. வீக்கம் இல்லை. தீவிரப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தோம். நவம்பரில் தம்பி பிறந்தான், 2.6 கிலோ. அம்மா அவனுக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தால் பாப்பாவும் வந்து மடியில் ஏறப் பார்க்கிறாளாம், "என்னா சிஸ்டர் பண்றது, கொஞ்சம் குடுக்கலாமா" என்று போனில் கேட்டார். தம்பி குடித்த பிறகு தாராளமாகக் கொடுங்கள் என்றேன்.

புதன்கிழமைகளில் இப்போது எடை போடுவதற்கு முன்னால் கொலுசைக் கழற்றச் சொல்கிறேன். வெள்ளிக் கொலுசு ஆயிற்றே, கூட்டத்தில் காணாமல் போய்விடும் என்று சில ஆயாக்கள் முறைக்கிறார்கள். அவர்கள் கையிலேயே கொடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, காலை அழுத்துகிறேன்.